டிவிடி ரைட்டர் லேசர் டையோடு மங்கிவிட்டது. அடுத்ததை எரிக்காமல் சோதிப்பது எப்படி?

பாலிடெக்னிக் மாணவன்

வணக்கம். பழைய டிவிடி ரைட்டரைப் பிரித்து அதிலிருந்த சிவப்பு லேசர் டையோடை எடுத்தேன். மொபைல் சார்ஜரின் 5 வோல்ட்டில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, முதலைக் கிளிப்பில் மாட்டினேன். சுவரில் கண் கூசும் அளவுக்குப் புள்ளி விழுந்தது. ஐந்தாறு நொடிதான். அப்புறம் மங்கிப்போய், இப்போது எல்இடி போலப் பரவலான சிவப்பு வெளிச்சம் மட்டும் வருகிறது. மல்டிமீட்டரில் டையோடு நன்றாக இருப்பதாகவே காட்டுகிறது.

இன்னொரு ரைட்டர் கையில் இருக்கிறது. அதையும் வீணாக்க மனம் வரவில்லை. பச்சை லேசருக்காக வாங்கிய சிவப்பு நிறக் கண்ணாடி ஒன்று இருக்கிறது, அது போதுமா? புள்ளியைப் பார்த்தபின் கண்ணில் ஒரு பச்சைத் திட்டு கொஞ்ச நேரம் மிதந்தது.

பழைய ரேடியோ மெக்கானிக்

தம்பி, டையோடு கிடக்கட்டும், முதலில் கண். கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நடுவில் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். கோடு எங்காவது வளைந்தாலோ, ஒரு கட்டம் காணாமல் போனாலோ, திட்டு மறுநாளும் இருந்தாலோ உடனே கண் மருத்துவரிடம் போய் விழித்திரையைக் காட்டுங்கள். விழித்திரைக்கு வலி தெரியாது. வலிக்கவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

அந்தச் சிவப்புக் கண்ணாடியைப் போடவே கூடாது. பச்சையைத் தடுத்துச் சிவப்பை அப்படியே விடுவதால்தான் அது சிவப்பாகத் தெரிகிறது. உங்கள் டையோடு 650 நானோமீட்டர். அந்த அலைநீளத்துக்கு ஓடி (OD, ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) 3 அல்லது 4 என்று அச்சிட்ட கண்ணாடி வேண்டும். ஓடி 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். ரைட்டர் டையோடு 200 மில்லிவாட் வரை தரக்கூடியது, கடையில் விற்கும் 5 மில்லிவாட் பாயின்டரோடு அதை ஒப்பிடவே முடியாது.

சோதிக்கும் மேசையில் எவர்சில்வர் டம்ளர், கைக்கடிகாரம், மோதிரம் எதுவும் வேண்டாம். எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட சாமி படம் இருந்தால் கழற்றி வையுங்கள். கற்றை போய் விழ ஒரு செங்கல் போதும். கதவைத் தாழிடுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கட்டாயம்.

லேப் டெக்னீஷியன்

முதல் டையோடு போய்விட்டது. டையோடில் ஏறத்தாழ 2.5 வோல்ட் விழும். மீதி 2.5 வோல்ட்டை 10 ஓமால் வகுத்தால் 250 மில்லியாம்ப். வெப்பத்தை வாங்கிக்கொள்ள உலோகக் கூடு எதுவும் இல்லாமல் இது அதிகம். வெளிச்சம் வெளியேறும் முகப்பு மயிரிழையை விடப் பல மடங்கு சின்னது. அது உருகிவிட்டால் லேசர் போய், எல்இடி மட்டும் மிஞ்சும். மல்டிமீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அடுத்ததை வெளியே எடுக்கும் முன் டிரைவரை, அதாவது டையோடுக்கு அளவான மின்னோட்டம் தரும் சர்க்யூட்டை, செய்யுங்கள். எல்எம்317 என்ற ரெகுலேட்டர் ஐசியை மாறாத மின்னோட்டம் தரும்படி கட்டினால் மின்னோட்டம் = 1.25 / ரெசிஸ்டர். 22 ஓமில் தொடங்குங்கள், 57 மில்லியாம்ப் வரும். லேசருக்குப் பதிலாக நான்கு 1என்4007 டையோடுகளையும் ஒரு 1 ஓம் ரெசிஸ்டரையும் தொடராக மாட்டுங்கள். இதுதான் டம்மி லோடு. அந்த 1 ஓமின் குறுக்கே எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை மில்லியாம்ப். டிரைவர் அங்கே ஒழுங்காக நடந்துகொண்டால்தான் லேசருக்குப் போக வேண்டும்.

பாலிடெக்னிக் மாணவன்

நன்றி ஐயா, நன்றி அண்ணா. நோட்டில் கோடு நேராகத்தான் தெரிகிறது, இருந்தாலும் சனிக்கிழமை கண் டாக்டரிடம் போகிறேன். டம்மி லோடு கட்டினேன். 57 வரவில்லை, 18 மில்லிவோல்ட்தான். ஐசி போலியா?

லேப் டெக்னீஷியன்

இன்னும் அந்த 5 வோல்ட் சார்ஜரா? லோடுக்கு 2.8, ரெசிஸ்டருக்கு 1.25, ஐசி தனக்கென்று 2 வோல்ட் வரை வைத்துக்கொள்ளும். கூட்டினால் ஆறைத் தாண்டுகிறது. 9 வோல்ட் அடாப்டர் போடுங்கள்.

பாலிடெக்னிக் மாணவன்

ஆமாம் அண்ணா, 9 வோல்ட்டில் 56 வருகிறது! வெளியீட்டில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்திருக்கிறேன். டம்மியைக் கழற்றிவிட்டு அப்படியே லேசரை மாட்டலாமா?

லேப் டெக்னீஷியன்

மாட்டவே மாட்டாதீர்கள். டம்மியைக் கழற்றியதும் கெப்பாசிட்டர் 8 வோல்ட் பக்கம் ஏறி நிற்கும். லேசர் தொட்டவுடன் அத்தனையும் ஒரே அடியாகப் பாயும். பவரை எடுங்கள், வெளியீட்டின் இரு முனைகளையும் கம்பியால் ஷார்ட் செய்யுங்கள், பிறகு லேசரைச் சால்டர் செய்யுங்கள். முதலைக் கிளிப் வேண்டாம், தொடர்பு விட்டு விட்டு வந்தாலே டையோடு போய்விடும். சால்டர் முடியும் வரை டையோடின் கால்களைச் சன்னமான செம்புக் கம்பியால் சுற்றி வையுங்கள், கையில் இருக்கும் நிலைமின்சாரமே அதைக் கொல்லப் போதும். டையோடைப் பித்தளைக் கூட்டில் அழுத்திப் பொருத்திய பிறகுதான் பவர்.

ரைட்டரில் சிடிக்கான 780 நானோமீட்டர் டையோடும் உண்டு. அது ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைச் சுடும். உங்கள் 650 கண்ணாடி அதைத் தடுக்கும் என்றும் நம்பாதீர்கள். எதுவும் எரியவில்லையே என்று குனிந்து பார்க்காதீர்கள். செங்கல்லை மொபைல் கேமரா வழியாகச் சாய்வாகப் பாருங்கள்.

பழைய ரேடியோ மெக்கானிக்

ஒன்று சேர்க்கிறேன். பழைய கால்குலேட்டரின் சோலார் செல் இருந்தால் வெளிச்சத்தை அதை வைத்து அளக்கலாம், கண்ணால் மதிப்பிட வேண்டாம். செல்லை மல்டிமீட்டரில் மாட்டி, லேசரின் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு அளவு வரை மீட்டர் மெதுவாக ஏறும், அப்புறம் சட்டென்று நிமிரும். அந்த நிமிர்வுதான் லேசர். மேலே போகப் போக ஏற்றம் குறைந்தால் நிறுத்திவிடுங்கள்.

பாலிடெக்னிக் மாணவன்

650-க்கான கண்ணாடி நேற்று வந்தது. 22 ஓமில் மங்கலாக எரிந்தது. பவரை எடுத்து, ஷார்ட் செய்து, இன்னொரு 22 ஓமை இணையாகச் சேர்த்தேன். 114 மில்லியாம்பில் சோலார் செல் மீட்டர் சட்டென்று தாவியது. பத்து நொடியில் அணைத்துவிட்டேன், கூடு லேசாகத்தான் சூடு. கண் டாக்டரும் விழித்திரை நன்றாக இருக்கிறது என்றார்.