பர்மியப் பூனை எங்கள் வீட்டுக்கு ஏற்றதா?

கேள்வி (ரங்கூன்):
வணக்கம். தூய பர்மிய இனத்தில், அடர்பழுப்பு நிறக் குட்டி ஒன்றை வாங்க என் தங்கை மிகவும் ஆசைப்படுகிறாள். பகலில் இருவரும் வேலைக்குச் சென்றுவிடுவதால், எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு இது ஏற்றதா என்று வளர்த்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி:
தம்பி, இந்த இனத்துக்குத் தனிமை ஆகாது. கதவு வரை கூடவே வந்து, குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள். குட்டையான பட்டுமயிர் என்பதால் வாரம் ஒருமுறை சீவினால் போதும். ஆனால் நீரிழிவு இவ்வினத்தில் அதிகம் காணப்படுவதால், வெறும் சோறு போட்டுக் கொழுக்க விடாமல், இறைச்சியை அளந்து கொடுங்கள்.

மறுமொழி (மோல்மேன்):
அண்ணன் சொன்னதுடன் ஒன்று சேர்க்கிறேன். குட்டி தலையை நிமிர்த்த முடியாமல் கழுத்தைத் தொங்கவிட்டு நடந்தால், இரத்தத்தில் பொட்டாசியம் குறையும் பரம்பரை நோயாக இருக்கலாம். தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டியின் தாய், தந்தைப் பூனைகளுக்கு மரபணுச் சோதனை செய்யப்பட்டதா என்று விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

மறுமொழி:
1930இல் பர்மாவிலிருந்து அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ சென்ற வொங் மாவ் என்ற பெண்பூனையிலிருந்தே இன்றைய இனம் உருவானது. நம் நாட்டின் இன்லே ஏரிக்கரையில், இவ்வினப் பூனைகளை வெளிநாட்டிலிருந்து திரும்ப வரவழைத்து வளர்க்கிறார்கள். முதலில் தங்கையை அங்கே அழைத்துச் சென்று அவற்றைக் காட்டுங்கள்.