ஸுட்ஃபன் – பிராங்க்ஹோர்ஸ்ட் நடை: பிப்ரவரியில் ஆற்றோரம் போகலாமா?

கேள்வி
நெதர்லாந்தின் ஸுட்ஃபன் நகரிலிருந்து ஐசல் ஆற்றோரமாக பிராங்க்ஹோர்ஸ்ட் வரை நடந்து, படகில் அக்கரை போய், ப்ரும்மன் நிலையத்தில் ரயிலேறித் திரும்ப நினைக்கிறேன். சுமார் 15 கி.மீ. வந்த வழியே திரும்ப நடக்க விருப்பமில்லை. வெள்ளம் இருந்தால் மாற்று வழி உண்டா?

பதில் 1
தடம் அருமை. திசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் ரயிலில் ப்ரும்மன் போங்கள், ஒரே நிறுத்தம்தான். அங்கிருந்து படகுத்துறை சுமார் 3 கி.மீ. படகு ஓடவில்லை என்றால் காலையிலேயே தெரிந்துவிடும். நீங்கள் சொல்லும் திசையில் போனால் பத்து கி.மீ.க்கு மேல் நடந்த பிறகுதான் தெரியும். பிராங்க்ஹோர்ஸ்டில் ரயில் நிலையமும் இல்லை. 1482இல் நகர உரிமை பெற்ற ஊர், ஆனால் சில தெருக்கள்தான்!

காற்றும் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். ஸுட்ஃபனை நோக்கி வடக்கே நடந்தால் முதுகுப் பக்கம் இருக்கும். மரமே இல்லாத கரைமேல் அது பெரிய உதவி.

படகு இல்லாவிட்டால் மேற்குப் பக்கமாகவே கோர்டனூவர் என்ற ஆற்றோரப் பகுதி வழியே நடந்து, ஐசல் பாலம் ஏறி ஸுட்ஃபனுக்குள் வந்துவிடலாம்.

பதில் 2
கோர்டனூவரில் கவனம் தேவை. ஆற்றுக்கு இடம் விடும் திட்டத்தில் அங்கே புது வெள்ளத் தடுப்புக் கரையை ஆற்றிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டி, பழைய கரையைச் சில இடங்களில் தாழ்த்தியிருக்கிறார்கள். பெருவெள்ளத்தில் இரண்டுக்கும் நடுவே தண்ணீர் புகும். நீர் உயர்ந்த நாளில் புதுக் கரையை விட்டு இறங்காதீர்கள்.

ஐசல், ரைன் ஆற்றின் கிளை. ஜெர்மனியில் பெய்த மழையால் சில நாள் கழித்து இங்கே நீர் ஏறும், உள்ளூரில் வெயிலடித்தாலும்! ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட் (நெதர்லாந்து அரசின் நீர்வழித் துறை) வெளியிடும் லோபித் (ரைன் நாட்டுக்குள் நுழையும் இடம்) நீர்மட்டத்தை முந்தின நாளே பாருங்கள். ஏறிக்கொண்டிருந்தால் கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள படுகைப் பாதைகளைத் தவிருங்கள். வடிந்த பிறகும் களிமண் காலை இழுக்கும், கணுக்கால் மூடிய ஷூ அவசியம்.

பதில் 3
கிழக்குப் பக்கத்தில் ஹான்சஸ்டேடன்பாட் என்ற நெடுநடைப் பாதையின் குறியைத் தொடருங்கள்: மேலே மஞ்சள், கீழே சிவப்பு. இரண்டும் பெருக்கல் குறியாகக் குறுக்கிட்டால் அது தவறான வழி. ‘வெர்போடன் டூகாங்’ (நுழையத் தடை) பலகை இருந்தால் நுழையக் கூடாது, அபராதம் உண்டு. படுகையில் மாடு, குதிரை மேய்ந்தால் 25 மீட்டர் தள்ளியே போங்கள்.

ரயிலுக்கு வங்கி அட்டையைத் தட்டி ஏறினால் இறங்கும்போதும் அதே அட்டையைத் தட்டுங்கள். போன் ஒருமுறை, அட்டை ஒருமுறை என்றால் இரண்டு தனிப் பயணமாகக் கணக்காகி, கூடுதல் பணம் பிடிக்கும்.