முதல் ஆண்ட்ராய்டு போன் ஜி1ல அப்படி என்ன இருந்துச்சு?

கேள்வி:
நண்பர்களே, ஹெச்டிசி ட்ரீம் பத்தி படிச்சுட்டு இருக்கேன், அதான் 2008 அக்டோபர்ல அமெரிக்காவுல டி-மொபைல் ஜி1னு வித்தாங்களே, முதல் ஆண்ட்ராய்டு போன். போட்டோல பாத்தா அடிப்பக்கம் தாடை மாதிரி வளைஞ்சிருக்கு, விரலால உருட்டுற ஒரு டிராக்பால், ஸ்கிரீனைத் தள்ளுனா கீழ கீபோர்டு. ஐபோன் 2007லயே வந்துருச்சு, அப்புறம் எதுக்கு இதை இன்னமும் பெருசா பேசுறாங்க? இன்னைக்கு போன்ல இதோட மிச்சம் ஏதாச்சும் இருக்கா?

பதில் 1:
இருக்கு ப்ரோ, நீங்களே தினமும் யூஸ் பண்றீங்க. மேல இருந்து விரலால இழுத்தா நோட்டிஃபிகேஷன் வரிசையா இறங்குதுல்ல, அது ஜி1லயே இருந்துச்சு. அப்ப ஐபோன்ல எஸ்எம்எஸ் வந்தா நட்டநடு ஸ்கிரீன்ல ஒரு பெட்டி வந்து மறிச்சுக்கும், அதை மூடுனாதான் அடுத்த வேலை. ஆப்பிள் இந்த இழுக்குற முறைக்கு வந்தது 2011ல, ஐஓஎஸ் 5ல.

பதில் 2:
குறையையும் சொல்லணும்ல. சாதா ஹெட்போன் குத்த 3.5 எம்எம் ஜாக் கிடையாது, அடாப்டர் வேணும். ஸ்கிரீன் கீபோர்டு இல்ல, ரெண்டு எழுத்து அடிக்கணும்னாலும் போனைத் திறக்கணும், 2009ல ஆண்ட்ராய்டு 1.5 வந்தப்புறம்தான் அது சரியாச்சு, வீடியோ எடுக்குறதும் அதுலதான் வந்துச்சு. ரேம் வெறும் 192 எம்பி.

பதில் 3:
எனக்கு ஜி1னாலே ரூட்தான் ஞாபகம் வரும், அதான் போனோட முழு கட்டுப்பாட்டையும் நம்ம கைக்குக் கொண்டு வர்றது. ஆரம்பத்துல ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை இருந்துச்சு, போன் ஆன் ஆகும்போதே பின்னாடி ரூட் ஷெல் ஒண்ணு, அதாவது அந்த முழு அதிகாரத்தோட கட்டளை வாங்குற புரோகிராம், ஓட ஆரம்பிச்சிரும், கீபோர்டுல எதை அடிச்சாலும் அதுக்கும் போகும், யாருக்காவது மெசேஜ்ல ரீபூட்னு இங்கிலீஷ்ல அடிச்சு என்டர் தட்டுனா போன் நிஜமாவே ரீபூட் ஆயிரும்! கூகுள் சீக்கிரமே அடைச்சுட்டாங்க, ஆனா அதுக்குள்ள பசங்க உள்ள பூந்துட்டாங்க. ஸ்டீவ் கோண்டிக்னு ஒரு டெவலப்பர் சயனோஜென்மாடை, அதான் கம்பெனி குடுத்த ஆண்ட்ராய்டுக்குப் பதிலா நாமளே போட்டுக்குற ஆண்ட்ராய்டை, ஆரம்பிச்சது இந்த போன்லதான். கம்பெனி அப்டேட் ஆண்ட்ராய்டு 1.6ஓட நின்னுபோச்சு, சயனோஜென்மாட் 6 போட்டவங்களுக்கு ஆண்ட்ராய்டு 2.2 கிடைச்சுது, அந்த 192 எம்பி ரேம்லயே. 2016 கடைசில சயனோஜென்மாடை மூடுனப்ப அதுலேர்ந்து வந்ததுதான் லீனியேஜ் ஓஎஸ். அப்டேட் நின்னுபோன என் பழைய போன்ல இப்ப ஓடுறது அதுதான், அம்மா அதுலதான் வீடியோ கால் பேசுறாங்க.