ஏஐ டேட்டா சென்டருக்கு டாலர் கடன் சரிவருமா?

கேள்வி:
திட்ட நிதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வளரும் நாட்டு டேட்டா சென்டர் என்றால் கடன் டாலரில், வருமானம் உள்ளூர்ப் பணத்தில். நாணயம் சரிந்தால் யார் தலையில் விடியும்? இந்தக் கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை.

பதில் 1:
கட்டணத்தை ஏற்ற முடிந்தால் வாடிக்கையாளர் தலையில், இல்லாவிட்டால் உங்கள் தலையில். கடனை முதலில் பிரியுங்கள். கட்டடமும் துணைமின்நிலையமும் 20 வருடம் தாங்கும். ஜிபியூ (ஏஐ கணக்குகளைப் போடும் சிப்) நாலைந்து வருடத்தில் பழசு. ஒரே தவணைக்காலம் போட்டால், கழற்றிப் போட்ட சர்வருக்கும் வட்டி கட்டுவீர்கள்.

பதில் 2:
மின்பராமரிப்பு ஆள் நான். கரண்ட் போனதும் யுபிஎஸ் பேட்டரி சில நிமிடம்தான் தாங்கும். ஜெனரேட்டர் உறுமும் வரை உள்ளங்கை வியர்க்கும். டீசல் செலவையும் கணக்கில் சேருங்கள். மின்சாரம் எங்கிருந்து என்பதும் முக்கியம்: கென்யாவில் 2024இல் மைக்ரோசாஃப்டும் அபுதாபியின் ஏஐ நிறுவனமான ஜி42வும் அறிவித்த 100 கோடி டாலர் டேட்டா சென்டர் திட்டம், அங்குள்ள ஓல்காரியா புவிவெப்ப மின்சாரத்தை நம்பித்தான் போடப்பட்டது.

பதில் 3:
கூட்டாகக் கடன் வாங்குவதும் ஒரு வழி. கிழக்கு ஆப்பிரிக்காவின் ஈஸி (EASSy) கடலடி இணையக் கேபிளைப் பாருங்கள் (2010). சிறு தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்ததால்தான் வளர்ச்சி வங்கிகள் நீண்டகாலக் கடன் தந்தன.

கேட்டவர்:
சரி, ஜிபியூவுக்குத் தனிக் குத்தகை போட்டுப் பார்க்கிறேன். டீசலை நான் சேர்க்கவே இல்லை.