‘வியாசர்பாடி வீடு’ குடும்ப வாட்ஸ்அப் குழு: ஞாயிறு காலை வந்த ஒரு குரல் பதிவு

*ரவி சித்தப்பா, காலை 7:48*
[குரல் பதிவு, 1:52 · பலமுறை பகிரப்பட்டது]
எல்லாரும் முழுசா கேளுங்க. கொடுங்கையூர் பக்கம் வடக்கத்தி ஆளுங்க பிள்ளைங்கள தூக்கறாங்களாம். எங்க தெருவுல எந்தெந்த வீட்டுல வடநாட்டுப் பசங்க வாடகைக்கு இருக்காங்கன்னு லிஸ்ட் எடுத்துக்கிட்டிருக்கோம்.

*கார்த்திக் அண்ணா, 7:55*
பேசறது யாரு சித்தப்பா?

*ரவி சித்தப்பா, 7:56*
வியாபாரிகள் குழுவுல வந்துச்சு. யாரா இருந்தா என்ன, உஷாரா இருக்கறது நல்லதுதானே.

*செல்வி அத்தை, 8:10*
ரவி, ரெண்டு தடவை கேட்டேன். பேசறவன் பேர் சொல்லல, தேதி சொல்லல, எந்தப் பிள்ளை, எந்த ஸ்டேஷன்ல புகார், ஒண்ணும் சொல்லல. இதே மாதிரி ஒரு வதந்திதான் 2018 மே மாசம் வாட்ஸ்அப்ல சுத்திச்சு. நம்ம சென்னையிலேர்ந்து குலதெய்வம் கோயிலுக்குக் கார்ல போன குடும்பம். போளூர் பக்கத்துல வண்டியை நிறுத்தினப்போ அந்த 65 வயசு அம்மா அங்க நின்ன பிள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்க. பிள்ளை பிடிக்கறவங்கன்னு சொல்லி ஊரே சேர்ந்து அடிச்சுக் கொன்னுடுச்சு. தமிழ்நாட்டுல, தமிழ் பேசற ஒரு பாட்டிக்கு நடந்தது இது.

*செல்வி அத்தை, 8:12*
குரல் பதிவைவிட எனக்கு பயமா இருக்கறது நீ எழுதின அந்தக் கடைசி வரிதான். லிஸ்ட் எடுக்கறோம்ங்கறியே, அது.

*ரவி சித்தப்பா, 8:15*
லிஸ்ட்ல என்னக்கா தப்பு? பேரும் வீட்டு நம்பரும்தானே.

*தர்ஷன் மாமா, 8:31*
சித்தப்பா, நான் ஒண்டு சொல்லட்டா? 83 ஜூலையில எங்கட அம்மா கொழும்பில, வெள்ளவத்தையில இருந்தவ. 23ஆம் தேதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில 13 ஆமிக்காரர் செத்தவை. அடுத்த நாள் இரவு கொழும்பில தமிழருக்கு எதிரா கலவரம் தொடங்கிட்டுது. வந்த கூட்டத்தின்ர கையில வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீடு தமிழ் வீடு, எந்தக் கடை தமிழ்க் கடை எண்டு பார்த்துப் பார்த்துத்தான் கொளுத்தினவங்கள். சிங்கள ஆக்களின்ர கட்டடத்தில தமிழர் வாடகைக்கு இருந்தா சாமானை மட்டும் றோட்டில போட்டு எரிச்சவங்கள். அதுவும் பேரும் வீட்டு நம்பரும்தான்.

*தர்ஷன் மாமா, 8:33*
அம்மாவைக் காப்பாத்தினது பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி. அரிசி மூட்டை அடுக்கிற அறையில வச்சுப் பூட்டிப்போட்டு, வாசல்ல தானே கதிரை போட்டு இருந்தவவாம்.

*மங்கை பெரியம்மா, 8:40*
தர்ஷன் தம்பி, இதை நீ இதுவரைக்கும் எங்ககிட்ட சொன்னதே இல்லையேப்பா 🙏

*ரவி சித்தப்பா, 8:52*
மாப்பிள்ளை, மனசு கஷ்டமா இருக்கு. ஆனா அது வேற. அங்க சிங்களவனுக்கும் தமிழனுக்கும் ரெண்டாயிரம் வருஷப் பகை. ஆப்பிரிக்காவுல அந்த ரெண்டு ஜாதி, யுகோஸ்லாவியால கிறிஸ்துவங்களும் முஸ்லிமும்... அதெல்லாம் ரத்தத்துலயே ஊறினது. நம்ம ஊர்ல அப்படிக் கிடையாது.

*நிவேதா, 8:58*
சித்தப்பா, ரத்தத்துல ஊறினதுங்கறது சரியில்ல. நீங்க சொன்ன அந்த ஆப்பிரிக்க நாடு ருவாண்டா, யூபிஎஸ்சிக்கு இப்போ அதைத்தான் படிச்சிட்டிருக்கேன். ஹூட்டு, டுட்ஸி ரெண்டு பேருக்கும் ஒரே மொழி. ஒரே மலை, ஒரே சர்ச், கல்யாணமும் கலந்து கலந்து நடந்திருக்கு. அந்தப் பேரெல்லாம் முன்னாடியே இருந்தது நிஜம். ஆனா மாடு வச்சிருக்கிறவன், பயிர் பண்றவன்ங்கற வித்தியாசம் அதுல நிறைய இருந்துச்சு, ஆளுங்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறவும் முடிஞ்சுது. 1930கள்ல அந்த நாட்டை ஆண்ட பெல்ஜியம்காரங்க அடையாள அட்டை குடுத்து, நீ இதுன்னு எழுதினாங்க. அதுக்கப்புறம் அப்பாவுக்கு என்னவோ அதுதான் பிள்ளைக்கும்.

*செல்வி அத்தை, 9:05*
நல்லா சொன்னே நிவி. 60 வருஷம் கழிச்சு, 1994 ஏப்ரல்ல, டுட்ஸிங்களைக் கொல்ல ரோட்டுக்கு ரோடு தடுப்பு போட்டு நின்ன ஹூட்டு கும்பல் முதல்ல கேட்டது அந்த அட்டையைத்தான். மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததனாலதான் அட்டை வேணும்னு ஆச்சு. ரத்தத்துல இருந்திருந்தா அட்டை எதுக்கு?

*கார்த்திக் அண்ணா, 9:09*
எத்தனை பேர் அத்தை?

*நிவேதா, 9:10*
100 நாள்ல சுமார் 8 லட்சம் பேர்ண்ணா. பெரும்பாலும் டுட்ஸிங்க. கொல்ல மாட்டேன்னு எதிர்த்து நின்ன ஹூட்டுங்களும் உண்டு.

*செல்வி அத்தை, 9:21*
இப்போ அந்தக் குரல் பதிவுக்கு வர்றேன். ருவாண்டால ஆர்டிஎல்எம்னு ஒரு தனியார் ரேடியோ, 1993ல ஆரம்பிச்சது. நல்ல பாட்டு போடுவாங்க, தெருவுல பேசற மாதிரியே பேசுவாங்க, சிரிக்க வைப்பாங்க. அதனாலயே இளவட்டம் மொத்தமும் அதைத்தான் கேட்டுச்சு. பாட்டுக்கு நடுவுல டுட்ஸிங்களைக் கரப்பான்பூச்சின்னு சொன்னாங்க. ஒரு நாள் இல்ல, தினம். கொலை ஆரம்பிச்சதும் யார் எங்க ஒளிஞ்சிருக்காங்க, எந்த நம்பர் வண்டியில போறாங்கன்னு அதே ரேடியோல படிச்சாங்க. பின்னாடி தான்சானியால அரூஷாங்கற ஊர்ல ஐநா நீதிமன்றம் உட்கார்ந்தப்போ, கத்தியைத் தொடாத இந்த ரேடியோக்காரங்களுக்கும் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கும் 2003ல தண்டனை குடுத்துச்சு. பேசினதுக்கும் எழுதினதுக்கும்.

முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க ஒவ்வொரு வருஷமும், ‘டீச்சர், பக்கத்து வீட்டுக்காரனை எப்படி வெட்டுவாங்க?’ன்னு கேக்கும். ஒரே நாள்ல வெட்டலம்மா, முதல்ல அவனை மனுஷன் கணக்குலேர்ந்து எடுப்பாங்கன்னு சொல்லுவேன். அதுக்கு வருஷக்கணக்குல ஆள் வச்சு வேலை செஞ்சிருக்காங்க.

*கார்த்திக் அண்ணா, 9:26*
ஐநா படை அங்கயே இருந்துச்சாமே, என்ன பண்ணாங்க?

*நிவேதா, 9:30*
ஏப்ரல் 7ஆம் தேதி பெல்ஜியம் படையாள் 10 பேரைக் கொன்னாங்க. பெல்ஜியம் மொத்தமா கிளம்பிடுச்சு. இன்னும் படை அனுப்புங்கன்னு அங்க இருந்த தளபதி டலேர் கெஞ்சறாரு. பாதுகாப்பு கவுன்சில் ஏப்ரல் 21 அன்னிக்கு ஓட்டுப் போட்டு, 2,500 பேர் இருந்த படையை 270 பேரா குறைக்கச் சொல்லிடுச்சு. படிச்சப்போ எனக்கு அழுகை வந்துடுச்சுண்ணா.

*ரவி சித்தப்பா, 9:44*
சரி, நான் சொன்ன யுகோஸ்லாவியா? அங்க பாஸ்னியால நடந்தது?

*செல்வி அத்தை, 9:58*
அங்கயும் ஒரே மொழிதான்டா. 1992 மே 31, பிரியெடோர்னு ஒரு ஊர். செர்புங்க, அதாவது நீ சொன்ன கிறிஸ்துவங்கள்ல ஒரு பிரிவு, அவங்க கையில அதிகாரம் வந்துடுச்சு. செர்பு இல்லாதவங்க எல்லாரும் வீட்டு வாசல்ல வெள்ளைத் துணி தொங்க விடணும், வெளிய வந்தா கையில வெள்ளைப் பட்டை கட்டணும்னு உள்ளூர் ரேடியோல உத்தரவு. நேத்து வரைக்கும் யாரு என்னன்னு கேட்காத தெருவுல ஒரே காலையில வீடு வீடா குறி விழுந்துடுச்சு. அந்த வட்டாரத்துல மட்டும் 3,000 பேருக்கு மேல கொன்னாங்க. 1995 ஜூலைல ஸ்ரெப்ரெனிட்சால 8,000க்கும் மேல முஸ்லிம் ஆம்பளைங்க, பையங்களைக் கொன்னாங்க. ஐநா ‘பாதுகாப்பான பகுதி’ன்னு அறிவிச்ச ஊர் அது.

இதுக்கு முன்னாடி பத்து வருஷம் அந்த நாட்டுல நடந்ததைப் பாரு. கடன், விலைவாசி, வேலை இல்லை. ருவாண்டாவுலயும் காப்பி விலை விழுந்து விவசாயி நொடிஞ்சு போயிருந்தான். வயித்துல பசியும் கையில வேலை இல்லாமலும் இருக்கிறவன்கிட்ட, உன் சோத்தைத் தின்னது இவன்தான்னு ஒருத்தன் விரலை நீட்டினா போதும். விரலை நீட்டினவன் எல்லா ஊர்லயும் பதவிக்காக நீட்டினவன்தான்.

*ரவி சித்தப்பா, 10:06*
அக்கா, நீ சொல்றது புரியுது. ஆனா என் கஷ்டத்தையும் கேளு. பக்கத்துக் கடையில வடக்கத்தி பையன் மூணுல ரெண்டு பங்கு கூலிக்கு வர்றான். நம்ம பசங்களுக்கு வேலை போகுது. இதைப் பேசினாலே தப்பா?

*செல்வி அத்தை, 10:09*
தப்பே இல்ல. கூலியைப் பத்திப் பேசு. குறைச்சுக் குடுக்கிற முதலாளிகிட்ட, காண்ட்ராக்டர்கிட்ட பேசு. சங்கத்துல பேசு. பிள்ளை பிடிக்கறவன்னு மட்டும் பேசாதே.

*மங்கை பெரியம்மா, 10:20*
ரவி, நீ இங்க பொறந்தவன். ரங்கூன்ல நாமதான் வடக்கத்தி ஆளு.

*மங்கை பெரியம்மா, 10:24*
எங்க தாத்தா ரங்கூன் துறைமுகத்துல மூட்டை தூக்கினவர். அங்க எங்களை ‘கலா’ம்பாங்க, இந்தியாக்காரங்களைக் கேவலமா கூப்பிடற பேரு. எனக்குப் பத்து வயசுல, 1964ல கப்பல் ஏறினோம். அப்பா கடையை அரசாங்கம் எடுத்துக்கிச்சு. 50, 100 சாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. துறைமுகத்துல சோதனை போட்டு அம்மா கழுத்துல கிடந்ததைக் கழட்டி வாங்கினாங்க. அம்மா சாகற வரைக்கும் அந்த இடத்தைக் கையால தடவிக்கிட்டே இருப்பாங்க. இங்க வந்து வியாசர்பாடில குடிசை. அக்கம்பக்கத்துல ‘பர்மாக்காரங்க’ன்னு தண்ணி பிடிக்கக் கூட விட மாட்டாங்க கொஞ்ச நாளைக்கு. தமிழ்தான் பேசினோம்.

*செல்வி அத்தை, 10:41*
அண்ணி சொன்னதால இதையும் சொல்லிடறேன். 1930 மே, ரங்கூன் துறைமுகம். தெலுங்குக் கூலிங்க சம்பளம் உசத்தச் சொல்லி வேலைநிறுத்தம் பண்ணாங்க. கம்பெனிங்க பர்மியர்களை வேலைக்கு வச்சுச்சு. பேச்சுவார்த்தை முடிஞ்சு பழைய ஆளுங்க திரும்பினதும், பர்மியர்களை ‘போ’ன்னுட்டாங்க. அன்னிக்கே துறைமுகத்துல அடிதடி ஆரம்பிச்சு ஊர் முழுக்கப் பரவிடுச்சு. நூறு பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் இந்தியாக்காரங்க. ரெண்டு ஏழைங்களையும் மோதவிட்ட கம்பெனிக்கு ஒரு கீறல் இல்ல.

பர்மியர்களோட கோபத்துக்கும் காரணம் இருந்துச்சு, அதை மறைக்கக் கூடாது. 1930கள்ல நெல்லு விலை விழுந்து, வட்டி கட்ட முடியாம, கீழ் பர்மா நிலத்துல ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு நம்ம ஊர் செட்டியார்கள் கைக்கு வந்துடுச்சு. எந்த விவசாயிக்குத்தான் எரியாது? ஆனா அடி வாங்கினது மூட்டை தூக்கினவன். எப்பவும் கைக்கு எட்டறவன்தான் அடி வாங்கறான் ரவி.

*தர்ஷன் மாமா, 10:50*
மாமி, எங்கட பக்கமும் ஒண்டு இருக்கு, சொல்லாமல் விட்டா நியாயம் இல்லை. 1990 அக்டோபர் 30, யாழ்ப்பாணத்தில இருந்த முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ரெண்டு மணித்தியாலத்தில வெளியேறச் சொல்லி புலிகள் அறிவிச்சவை. வடக்கு முழுக்க 70,000க்கு மேல சனம் போனது. அவையும் தமிழ்தான் பேசினவை. 83இல நாங்கள் பட்டதை ஏழே வருசத்தில இன்னொரு சனத்துக்கு எங்கட பேரில செய்தாச்சு. அம்மாவுக்குச் சட்டை தைச்சுத் தந்த பாய் திரும்பி வரேல்லை. அவருக்கு என்ன ஆச்சுதெண்டு அம்மா இண்டைக்கும் கேப்பா.

*கார்த்திக் அண்ணா, 11:02*
எங்கயாவது நின்னிருக்கா அத்தை இது? இல்ல, எல்லாம் இப்படியே முடிஞ்சுதா?

*செல்வி அத்தை, 11:15*
நின்னிருக்கு. வட அயர்லாந்துல கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுக்கும் 30 வருஷம் மோதல், 3,500 பேருக்கு மேல செத்து, 1998 ஏப்ரல் 10 ஒப்பந்தம். பெல்ஃபாஸ்ட்ல ரெண்டு தெருவுக்கும் நடுவுல கட்டின சுவர் இன்னும் பல இடத்துல நிக்குது, அதையும் சொல்லணும். ஆனா எனக்குப் பிடிச்சது ஒப்பந்தத்துக்கு முன்னாடி நடந்தது. குண்டு வெடிச்சுக்கிட்டிருந்த 1981லயே, கத்தோலிக்கப் பிள்ளையும் புராட்டஸ்டண்ட் பிள்ளையும் ஒரே வகுப்புல உட்காரணும்னு சில பெத்தவங்க சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினாங்க. லேகன் காலேஜ்னு பேரு. முதல் வருஷம் 28 பிள்ளைங்க. அரசாங்கம் செய்யல, தலைவர் எவரும் செய்யல.

*நிவேதா, 11:20*
ருவாண்டால நியாங்கேன்னு ஒரு பள்ளிக்கூடம் அத்தை. கொலையெல்லாம் முடிஞ்சு மூணு வருஷம் கழிச்சு, 1997 மார்ச்ல, துப்பாக்கியோட உள்ள வந்தவங்க ஹூட்டு ஒரு பக்கம், டுட்ஸி ஒரு பக்கம் நில்லுங்கன்னு சொன்னாங்க. பிள்ளைங்க பிரிய மாட்டேன்னுட்டாங்க. நாங்க எல்லாரும் ருவாண்டா பிள்ளைங்கதான்னு சொன்னதுக்கு சுட்டாங்க, சில பிள்ளைங்க செத்துப்போச்சு. என் தம்பி வயசு இருக்கும்.

*மங்கை பெரியம்மா, 11:22*
ஐயோ.

*ரவி சித்தப்பா, 11:48*
லிஸ்ட் எடுக்கறதை நிறுத்தச் சொல்லிட்டேன். ஆனா வியாபாரிகள் குழுவுல அந்தப் பதிவு இன்னும் ஓடுது. நான் ஒருத்தன் சொன்னா கேப்பாங்களா?

*செல்வி அத்தை, 11:55*
உன் பேச்சுக்கு அந்தக் கடைத்தெருவுல மதிப்பு இருக்கு. 2023 மார்ச்ல பீகார்காரங்களைத் தமிழ்நாட்டுல அடிச்சுக் கொல்றாங்கன்னு பொய் வீடியோ வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பயந்துபோய் எத்தனை பேர் ரயிலேறிப் போனாங்க. பீகார்லேர்ந்து அதிகாரிங்களே நேர்ல வந்து பார்த்து, அப்படி நடக்கலன்னு சொன்னாங்க. அன்னிக்கு நம்மளைப் பத்திப் பொய்யை அவங்க நம்பினாங்கன்னு நீதான் எவ்வளவு கோபப்பட்டே. அதை எழுது. அதோட இதையும் போடு:

‘இந்தக் குரல் பதிவுல பேசறவர் யாருன்னு தெரியல. இடம், தேதி, புகார் எதுவும் இல்ல. யாரும் பகிர வேண்டாம். யார் வீட்டுப் பேரும் எடுக்க வேண்டாம். குழந்தை விஷயத்துல சந்தேகம் இருந்தா 1098க்கோ 100க்கோ கூப்பிடுங்க. யாரையும் பிடிச்சு வச்சு விசாரிக்காதீங்க.’

*ரவி சித்தப்பா, 12:04*
போட்டுட்டேன்.

*ரவி சித்தப்பா, 12:09*
ரெண்டு பேர் சண்டைக்கு வர்றாங்க. ஸ்டேஷன்ல கேட்டியான்னு ஒருத்தர் கேக்கறார்.

*கார்த்திக் அண்ணா, 12:10*
நியாயமான கேள்விதான் சித்தப்பா. வண்டியை எடுத்துட்டு வர்றேன், ரெண்டு பேரும் போய்க் கேட்டுட்டு வந்து, அவங்க சொல்றதை அப்படியே குழுவுல எழுதுவோம்.

*ரவி சித்தப்பா, 12:11*
வா. கடையை அரை மணி நேரம் பையன்கிட்ட விட்டுட்டு வர்றேன்.