ஸ்காண்டியம் கலந்த அலுமினியம்: டி6 சூட்டுப் பக்குவம் கொடுத்த பிறகு ஹார்ட்னஸ் இறங்கிவிட்டது, ஏன்?

பட்டறைக்காரன்:
வணக்கம். லேசர் பவுடர் முறையில் அச்சிட்ட சோதனைத் துண்டுகள் வந்திருக்கின்றன. ஸ்கால்மல்லாய் என்ற அலுமினியக் கலவை வகை: மெக்னீசியம் 4.6, ஸ்காண்டியம் 0.66, ஜிர்கோனியம் 0.4 சதவீதம். 6061 என்ற வழக்கமான அலுமினியக் கலவைக்கு ஓட்டும் அதே டி6 சைக்கிளை ஓட்டினோம்: 530 டிகிரியில் 2 மணி நேரம், தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து (குவென்ச்), அப்புறம் 170-ல் 8 மணி நேரம். அச்சிட்டு வந்தபோது ஹார்ட்னஸ் 108 விக்கர்ஸ். இப்போது 90-ஐத் தாண்டவில்லை. சில துண்டுகளின் மேல்பரப்பில் கடுகளவு கொப்புளங்கள் வேறு. தெர்மோகப்பிளைச் சரிபார்த்தாயிற்று. பவுடரில் கோளாறா?

கருமான்:
பவுடரைச் சந்தேகிக்க வேண்டாம், சைக்கிள்தான் பொருந்தவில்லை. 6061-க்கு வலு தருவது மெக்னீசியம்–சிலிக்கான் சேர்மம். அது 530-ல் கரையும், 170-ல் நுண்துகளாகப் பிரியும். உங்கள் துண்டில் பிரிய வேண்டியது மூன்று அலுமினியத்துக்கு ஒரு ஸ்காண்டியம் என்ற கணக்கில் அமைந்த துகள். திட அலுமினியத்தில் ஸ்காண்டியம் அதிகபட்சம் கரைவதே 0.38 சதவீதம் அளவுக்குத்தான், அதுவும் 660 டிகிரியை ஒட்டி. 530-ல் கரைவது சொற்பம்.

உங்களிடம் 0.66 இருக்கிறதே, அது எப்படி? லேசரில் உருகிய உலோகம் கண்ணிமைப்பதற்குள் உறைந்துவிடுவதால் பெரும்பகுதி கரைந்தபடியே மாட்டிக்கொள்கிறது. சொல்யூஷன் வேலையை, அதாவது கரைத்து வைக்கும் வேலையை, மெஷினே முடித்துக் கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 530-ல் ஊறவைத்ததும் ஸ்காண்டியம் வெளியே வந்து, மாவில் கட்டி தட்டிய மாதிரி பெருத்துவிட்டது. பெருத்த துகள்கள் வலுவுக்கு உதவாது. மிச்சம் மீதி இருந்தாலும் 170-ல் ஸ்காண்டியம் நகராது.

அடுத்த துண்டுகளை நேரடியாக 325-ல் 4 மணி நேரம் வைத்துக் காற்றில் ஆறவிடுங்கள். குவென்ச் தேவையில்லை. அச்சிட்ட அடிப் பிளேட்டிலிருந்து அறுப்பதற்கு முன்பே செய்யுங்கள். உள்தகைவும் (உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும்) அந்தச் சூட்டிலேயே ஓரளவு தளரும். கொப்புளம், துளைகளில் சிக்கிய வாயு 530-ல் உலோகம் இளகியதும் உப்பியதாக இருக்கும்.

பட்டறைக்காரன்:
நன்றி சார். கெட்டுப்போனவற்றை மீட்க வழி உண்டா?

கருமான்:
இல்லை. 0.66 முழுவதும் மறுபடி கரைய வேண்டுமென்றால் உருக்கத்தான் வேண்டும்.

கடத்தி:
எடி கரண்ட் மீட்டர் இருந்தால் மின்கடத்துதிறனையும் குறித்து வையுங்கள். ஸ்காண்டியம் கரைசலை விட்டு வெளியேற வெளியேற அது ஏறும். கடத்துதிறன் ஏறி ஹார்ட்னஸ் இறங்கினால் ஓவர் ஏஜிங், அதாவது துகள்கள் அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டன. இரண்டுமே அசையாமல் கிடந்தால் சூடு போதவில்லை. ஹார்ட்னஸை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது.

பட்டறைக்காரன்:
325 ஓட்டியாயிற்று: 171 விக்கர்ஸ், கொப்புளம் இல்லை. இன்னொரு சந்தேகம். அதே வாடிக்கையாளர் மணல் அச்சில் வார்த்த தகடும் கொடுத்திருக்கிறார். செம்பு 4 சதவீதம், ஸ்காண்டியம் 0.2. அதற்கும் 325 சரிவருமா?

கருமான்:
வேண்டாம். 325-ல் செம்பின் துகள்கள் பெருத்து, செம்பு தரும் வலு போய்விடும். தவிர, செம்பும் ஸ்காண்டியமும் சேர்ந்து டபிள்யூ ஃபேஸ் என்ற தனிச் சேர்மமாகிவிடக்கூடும். சூடாக்கி அதைக் கரைப்பது லேசில்லை; இரண்டு தனிமமும் அதில் முடங்கிவிடும். மேலும் இது லேசர் துண்டு மாதிரி சட்டென்று உறைந்ததல்ல, மணல் அச்சில் மெல்ல ஆறிய வார்ப்பு. எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட்டை முழுசாகப் போடுங்கள், சிலிக்கான் எவ்வளவு என்பதையும் சேர்த்து. அதுவும் ஸ்காண்டியத்தைப் பிடித்துக்கொள்ளும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.