கீவினாப் பக்கம் பனிச்சறுக்கியவர்களே, உங்கள் மலை எது?

"பையன் யூ.பி.க்குப் படிக்கப் போகிறான்" என்று அம்மா சொன்னபோது தெருவில் பாதிப் பேர் லக்னோ பக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். இது வேறு யூ.பி. அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் 'அப்பர் பெனின்சுலா', அதாவது மேல் தீபகற்பம். அதிலும் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்குள் விரலை நீட்டியதுபோல் போகும் கீவினா. அங்கே ஹோட்டன் ஊரில், மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் நான்கு குளிர்காலம் கழித்தேன்.

என் மலை மான்ட் ரிப்ளி. கல்லூரிக்கு நேர் எதிரே, கால்வாயைத் தாண்டி அந்தக் கரையில் நிற்கிறது. கல்லூரிக்கே சொந்தமான மலை. அடிவாரத்திலிருந்து உச்சிக்கு 440 அடிதான். கொலராடோவில் சறுக்கிவிட்டு வந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மாலை ஐந்து மணிக்கு லேபில் சிமுலேஷனை ஓடவிட்டு, ஆறு மணிக்கு மலை உச்சியில் நின்று, எட்டு மணிக்குத் திரும்பிவந்து முடிவைப் பார்க்கலாம். அதைக் கொலராடோவில் செய்யச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பனிக்குப் பஞ்சமே இல்லை. கனடாவிலிருந்து இறங்கும் வறண்ட குளிர்காற்று, இன்னும் உறையாத ஏரியின்மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. கீவினாவின் மேட்டில் ஏறும்போது எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது. 1978-79 குளிர்காலத்தில் 390.4 அங்குலம், அதாவது 32 அடிக்கு மேல். அந்த உயரத்துக்குத் தெர்மாமீட்டர் மாதிரி ஒரு பலகையே யூ.எஸ். 41 சாலையோரம் நட்டு வைத்திருக்கிறார்கள். ஏரி உறைந்துவிட்டால் இந்த வரத்து குறைந்துவிடும். அதனால் அங்கே ஸ்கீ பிரியர்கள் எல்லோருக்கும் ஏரியின்மேல் ஒரு கண் உண்டு. நம் ஊரில் ஆடி மாதம் அணை நீர்மட்டம் பார்ப்பதுபோல.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதல் முறை சேர்லிஃப்டில் (கம்பியில் தொங்கியபடி மலை உச்சிக்குக் கொண்டுபோகும் நாற்காலி) ஏறுவது எனக்குச் சுலபமாக இருந்தது. இறங்கத்தான் யாரும் சொல்லித்தரவில்லை. உச்சி வந்ததும் ஸ்கீ தரையில் பட்ட நொடியில் எழுந்து நின்றுவிட வேண்டும், நாற்காலியே முதுகில் லேசாகத் தள்ளிவிடும். நான் எழவில்லை. "முழுசாக நிற்கட்டும், இறங்கலாம்" என்று டவுன் பஸ் நினைப்பில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி திரும்ப ஆரம்பித்ததும் பதறிக் குதித்தேன். லிஃப்டை நிறுத்தினார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில், காற்றில் ஆடிக்கொண்டு தொங்கினார்கள். அன்றைக்கு இப்படி மூன்று முறை. நான்காவது முறை நான் வருவதைப் பார்த்ததுமே லிஃப்ட்காரர் வேகத்தைக் குறைத்துவிட்டு, கையைத் தூக்கி "இப்போது" என்று சைகை காட்டினார். என் ஆரஞ்சு ஜாக்கெட்டை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. ரிப்ளி தெற்கு பார்த்த மலை. மார்ச் மாதம் பகல் வெயிலில் மேல்பனி உருகும், இருட்டியதும் கண்ணாடியாக இறுகிவிடும். ஸ்கீயின் ஓரத்தைக் கூராகத் தீட்டாமல் அந்த இரவுகளில் போகாதீர்கள்.

நீங்களும் எழுதுங்கள்.

*

தம்பி, சேர்லிஃப்டே இல்லாத பனிச்சறுக்கும் இருக்கிறது. அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

என் வீட்டுக்காரர் டெக்கில் ஆராய்ச்சிக்கு வந்தபோது நானும் கூட வந்தேன். எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஜன்னல் வழியாக வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். பக்கத்து வீட்டுப் பாட்டி, பின்லாந்து வழி வந்தவர், ஒருநாள் தன் மகளுடைய பழைய ஸ்கீயைக் கையில் கொடுத்து, காரில் ஏறு என்றார். கூட்டிப்போன இடம் ஹேன்காக்கில் உள்ள மாஸ்தோ ஹீஹ்தோ. ஏதோ பெரிய பெயர் என்று நினைத்தேன். பின்னிஷ் மொழியில் அதற்கு 'காடுமேடு கடந்து போகும் பனிச்சறுக்கு' (கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்) என்றுதான் பொருளாம். தெருவுக்குத் 'தெரு' என்று பெயர் வைத்த கதை. அந்த ஊரில் தெருப் பலகைகளில்கூட இங்கிலீஷுக்குக் கீழே பின்னிஷ் இருக்கும்.

காட்டுக்குள் இயந்திரம் வைத்து, இரண்டு கோடாகத் தண்டவாளம் மாதிரித் தடம் போட்டிருப்பார்கள். அதில் காலை வைத்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான். இந்த ஸ்கீயில் பூட்ஸின் முன்நுனி மட்டும்தான் பூட்டியிருக்கும், குதிகால் தூக்கலாம். மலை ஸ்கீயில் இருக்கிற மாதிரி பிரேக்கும் கிடையாது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் நின்று ஒன்றைக் கழற்றி, உள்ளே புகுந்த பனியைத் தட்டினேன். கை நழுவியது. அது மரத்துக்கு மரம் வளைந்து, என்னைவிட அழகாகச் சறுக்கிப் போய் ஓடையோரம் நின்றது. பாட்டி ஒரு வார்த்தை திட்டவில்லை. இடுப்பளவுப் பனியில் நான் இறங்கி எடுத்துக்கொண்டு ஏறும்வரை, ஃபிளாஸ்கைத் திறந்து நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள் போனேன். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இது சரிப்படும்.

*

ரிப்ளியில் தேறியவர்கள் அடுத்து மூக்கை உடைத்துக்கொள்ளும் இடம் மவுண்ட் பொஹிமியா. அதைப் பற்றி யாரும் எழுதவில்லையே?

லாக் லா பெல் பக்கம், 900 அடி. 2000-இல் திறந்தது. வாசலிலேயே "கற்றுக்குட்டிகளுக்கு அனுமதி இல்லை" என்று பலகை. செயற்கைப் பனி கிடையாது, இயந்திரம் வைத்துச் சமன் செய்வதும் கிடையாது. வானம் கொட்டியது கொட்டியபடி இருக்கும், நடுவே மரங்கள். சீசன் பாஸ் பல வருஷம் 99 டாலருக்கு விற்றார்கள், நன்றி நாளையொட்டிச் சில நாட்களுக்கு மட்டும். நான் அந்த விலையைப் பார்த்துத்தான் வாங்கினேன். திறமையை யோசித்து வாங்கவில்லை.

இரண்டாவது இறக்கத்திலேயே தலைகுப்புற விழுந்தேன். ஒரு ஸ்கீ காணோம். நான் கிடந்த இடத்துக்குக் கீழே முக்கால் மணி நேரம் தோண்டினேன். மேலிருந்து வந்த ஒரு முதியவர் நின்று பார்த்துவிட்டு, "நீதான் உருண்டு வந்தாய், அது அங்கேயே நின்றிருக்கும்" என்று மேலே காட்டினார். விழுந்த இடத்துக்கு ஏறிப்போய், மிச்சமிருந்த ஸ்கீயின் வாலால் பனியைக் குறுக்கே கீறிக்கொண்டே வந்தார். ஐந்தாவது கீறலில் 'டக்' என்றது. ஆழமான பனியில் தொலைந்த ஸ்கீ பெரும்பாலும் மேற்பக்கம்தான் கிடக்கும், அதுவும் சறுக்கிய திசையிலேயே அடியில் நுழைந்து. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மலையின் பின்பக்கம் இறங்கினால் லிஃப்ட் வராது, சாலைதான் வரும். அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து விடுவார்கள். இது தெரியாமல் நானும் நண்பனும் தொலைந்துபோனதாகவே முடிவுகட்டி, கடைசி சாக்லேட்டைச் சரிபாதியாகப் பிரித்துச் சாப்பிட்டு முடித்தபோது பஸ் வந்தது.

*

மூக்கு உடையும் இடமெல்லாம் வேண்டாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்கிறேன்.

மேற்கே கொகீபிக் பகுதி. பெஸமரில் பிக் பவுடர்ஹார்ன், பக்கத்திலேயே வேக்ஃபீல்டில் முன்பு இந்தியன்ஹெட் என்றிருந்த மலை (இப்போது ஸ்னோரிவர் என்ற பெயரில் ஜாக்சன் க்ரீக் சம்மிட்). ஹோட்டனிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பி, அழவைத்து, ஒன்பதுக்குத் திறப்பார்கள் என்று அடித்துப்பிடித்துப் போனால் கதவு மூடியிருக்கிறது. செல்போனில் மணி எட்டு. ஹோட்டன் கிழக்கு நேரம், கொகீபிக் மத்திய நேரம். ஒரே மாநிலம்தான். காரிலேயே ஒரு மணி நேரம் இட்லியும் மிளகாய்ப்பொடியும் சாப்பிட்டோம். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

இந்தியன்ஹெட்டில் கட்டடமும் வண்டி நிறுத்துமிடமும் மலை உச்சியில் இருக்கின்றன. வந்ததும் கீழே சறுக்கலாம், ஜோர். ஆனால் குழந்தை அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு "கால் வலிக்குது, வீட்டுக்குப் போகலாம்" என்றால், வீட்டுக்குப் போகவே லிஃப்ட் பிடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் என்றால் அதனால் எனக்குப் பவுடர்ஹார்ன்தான். அங்கே என் மகளுக்கு ஒரு மணி நேரத்தில் நிற்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். ஸ்கீ முனைகளைச் சேர்த்து முக்கோணமாக வைத்தால் 'பீட்சா', வேகம் குறையும். நேராக வைத்தால் 'ஃபிரெஞ்ச் ஃப்ரை', பறக்கும். அவள் ஃபிரெஞ்ச் ஃப்ரையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாள். நான் "பீட்சா! பீட்சா!" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தேன். ஆர்டர் எடுக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பக்கத்தில் காப்பர் பீக் என்று ஒரு ராட்சத ஸ்கீ தாவுதளம். 1970 வாக்கில் கட்டியது, கடைசியாக 1994-இல் அதிலிருந்து தாவினார்கள். கீழே நின்று பார்த்ததற்கே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

*

முதலில் எழுதியவன்தான். அக்கா, அந்தப் பாட்டியின் காபிக் கதையை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன், அவள் இப்போது உங்கள் கட்சி. பொஹிமியா நண்பருக்கு: நானும் ஒரு தடவை அந்தப் பலகைவரை போய், வாசித்துவிட்டு, ஒரு பாஸ்டி (கறி அடைத்த அந்த ஊர்ப் பலகாரம்) வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பியவன்.

பிப்ரவரியில் ஹோட்டன் வருகிறோம், குளிர்காலத் திருவிழாவின் பனிச்சிலைகளைப் பார்க்க. ஒரு மாலை ரிப்ளிக்குப் போவேன். ஆரஞ்சு ஜாக்கெட் இன்னும் இருக்கிறது, பொத்தான்தான் போடமுடியவில்லை. லிஃப்டில் எனக்குப் பின்னால் ஏற வேண்டாம்.